எனக்கு யாரும் விற்காத தூக்க மாத்திரை

மருந்து ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சட்டப் பிரிவுகளையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து முடித்திருப்பீர்கள். அதில் உங்களுக்குச் சொல்லித் தர என்னிடம் ஒன்றுமில்லை. ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். பணியில் இருந்த காலம் முழுக்க இரண்டு நாட்குறிப்புகள் எழுதினேன். ஒன்று அலுவலகத்துக்கு: போன ஊர், பார்த்த கடை, சோதனைக்கு எடுத்த மருந்து மாதிரி. இன்னொன்று எனக்கு: அன்றைக்கு நான் எந்த வகையில் அசடானேன் என்பது. இரண்டாவதுதான் எப்போதும் தடிமனாக இருந்தது. அதிலிருந்து ஒரு நாளை மட்டும் உங்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையில் உள்ள மருந்துக் கடைகளில் தூக்க மாத்திரையும் பதற்றத்துக்கான மாத்திரையும் டாக்டர் சீட்டில்லாமல் தாராளமாகக் கிடைப்பதாகப் புகார் வந்திருந்தது. நான் அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. என் முகம் கடைக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. “சாதாரண ஆளைப்போலப் போய்க் கேட்டுப் பாருங்கள். யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சாட்சியோடு போய் முறைப்படி வாங்கலாம்” என்றார் என் மேலதிகாரி.

எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்பவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆகவே மாறுவேடத்தையும் ஒழுங்காகச் செய்தேன். சில நாள் சவரம் செய்யவில்லை. மைத்துனரின் பழைய சட்டையில் பித்தான் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அடையாள அட்டை தப்பித் தவறி வெளியே விழுந்துவிடக் கூடாது என்று அதை வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கண்ணாடி முன் நின்று சோர்வாக இரண்டு முறை பெருமூச்சும் விட்டுப் பார்த்தேன்.

“தூக்கம் வராத ஆளு மாதிரி இருக்கேனா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“பல்லு புடுங்கப் போறவரு மாதிரி இருக்கீங்க. தூக்கம் வராதவன் இவ்ளோ படிய தலை வாருவானா?”

தலையைக் கலைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் மட்டும் கலைந்திருந்தது உறுத்தியதால் மறுபக்கத்தையும் அதே அளவுக்குக் கலைத்துச் சமன் செய்தேன். “இதுக்கு வாரினதே தேவலாம்” என்று சொல்லிவிட்டு அவள் சாம்பாருக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

முதல் கடை ஆவடியில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மூத்த ஆய்வாளர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “கடைக்குள்ள நுழைஞ்சதும் சுவத்தைப் பாரு. லைசென்ஸ் காலாவதி ஆயிருக்கா, குளிர்பெட்டியில சூடு எவ்வளவு காட்டுது, அதைப் பாரு. அப்புறம்தான் ஆளைப் பாக்கணும்.” அந்தப் பாடம் என் எலும்பில் ஏறியிருந்தது. தூக்கம் வராத மனிதனாக உள்ளே போன நான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த உரிமத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு குனிந்து குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது கடைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“சார், உள்ள வந்து உக்காந்து பாருங்க. காபியா, டீயா?”

இரண்டாவது கடையில் சுவரைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி, “அல்பிரசோலம், அரை மில்லிகிராம், பத்து” என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தூக்கம் வராத எந்த மனிதனும் இப்படி மூலப்பெயரும் எடையும் சொல்லிக் கேட்க மாட்டான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அதோடு நிற்கவில்லை. பழக்க தோஷம், “பில் போட்டுக் கொடுங்க” என்றும் சொல்லிவிட்டேன். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு, அதற்கு ரசீதும் கேட்டவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கைகூப்பினார்.

மூன்றாவது கடை பட்டாபிராம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில். சின்னக் கடை. நடத்துபவரும் மருந்தாளுநரும் ஒருவரே. வசந்தா என்று பெயர், நாற்பதைத் தாண்டியவர். வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. அதன் ஓட்டுநர் டில்லி, கடை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மருந்தின் பெயரைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

“தூக்கம் வரல. மாத்திரை வேணும்.”

“எந்த மாத்திரை?”

“பேரு தெரியாது. எதுனா குடுங்க. ஒரு பத்து. இருபது இருந்தாலும் பரவால்ல.”

“சீட்டு இருக்கா?”

“இல்ல.”

“வீட்ல யாரு இருக்காங்க?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. மனைவி இருக்கிறாள் என்றால் அழைத்து வரச் சொல்வாரோ என்று பயந்து, “யாரும் இல்ல. சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா” என்றேன். சுவரைப் பார்த்துவிடக் கூடாதென்று தலையையும் தொங்கப் போட்டுக்கொண்டேன். அற்புதமான நடிப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வசந்தா என் முகத்தையும் பித்தான் இல்லாத சட்டையையும் பார்த்தார். பிறகு, மிகவும் தணிந்த குரலில், “டில்லி, சாரை அந்த ஸ்டூல்ல உக்கார வை” என்றார். நான் மேசைமேல் வைத்திருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பக்கத்து இழுப்பறையில் போட்டார்.

டில்லி என் தோளில் கை வைத்து அழுத்தினார். “உக்காரு நைனா. அட, உக்காருன்றேன்ல. இன்னா ஆயிப்போச்சு இப்போ? பொண்டாட்டி அம்மா ஊட்டுக்குப் போனா அவனவன் பிரியாணி வாங்கித் துன்னுகினு குஷியா கீறான். நீ இன்னாடான்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு மாத்திரை கேக்குற.”

அப்போதுதான் புரிந்தது. நான் சாகப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த இடத்திலேயே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே காலையில் மூன்றாவது கடையிலும் பிடிபட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. டீ வந்தது. குடித்தேன். டில்லி எனக்கு வாழ்க்கையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கத்தின் பெரும்பகுதி அவருடைய மச்சான் ஒருவர் வானகரத்தில் கோழிக்கடை வைத்துத் தேறியது பற்றியது.

அந்த நேரத்தில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் மடித்துப் பழசான டாக்டர் சீட்டு.

“அக்கா, இந்த மாத்திரை குடுங்கக்கா.”

வசந்தா வாங்கிப் பார்த்தார். பதற்ற நோய்க்குத் தரும் குளோனசெபாம். “இதுக்கு ஏற்கெனவே மருந்து குடுத்தாச்சேம்மா. இதோ கடை சீல் இருக்கு. திரும்பக் குடுக்கலாம்னு டாக்டர் எழுதல. புதுசா எழுதி வாங்கிட்டு வரணும்.”

எனக்குள் இருந்த ஆய்வாளர் நூற்றுக்கு நூறு போட்டார். சட்டம் அப்படியேதான் சொல்கிறது.

“எழுதறதுக்கு டாக்டர் ஊர்ல இல்லையேக்கா” என்றார் அந்தப் பெண். கஸ்தூரி என்று பெயர். வேப்பம்பட்டில் வீடு. மாத்திரை அவருடைய கணவர் ஏழுமலைக்கு. “நாள் குறிச்ச மாதிரிதான் போனோம். கிளினிக் பூட்டிக் கெடக்கு. டாக்டரோட அம்மா தவறிட்டாங்களாம், அடுத்த வாரம்தான் வருவாராம். போனும் போகல. மாத்திரை தீந்து இன்னைக்கு மூணாவது நாளு. ராத்திரியெல்லாம் கண்ணே மூடல, கை கால் உதறுது. முன்ன ஒருவாட்டி இவரே வேணாம்னு நிறுத்திப் பாத்தாருக்கா. மூணாம் நாளு வலிப்பு வந்து கம்பெனியில ப்ரெஸ் மெஷின் பக்கத்துல விழுந்துட்டாரு. கை உள்ள போவல, சாமி புண்ணியம்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“ஸ்டேஷன் பெஞ்சுல. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் வண்டி ஏறினோம். கூட்டம் ஏற ஏற அவருக்கு மூச்சு முட்டுது. இங்கயே எறங்கிட்டோம்.”

“வேற கடையில கேட்டியா?”

“திருநின்றவூர்ல கேட்டேன். ஒருத்தரு மூஞ்சியக்கூடப் பாக்கல. இன்னொருத்தரு, இன்ஸ்பெக்டர் பேசினதுன்னு போன்ல எதையோ போட்டுக் காட்டி, போம்மான்னுட்டாரு.”

“அது எனக்கும் வந்துச்சு” என்று வசந்தா தன் போனை எடுத்தார். தான் கல்நெஞ்சக்காரி இல்லை என்று அந்தப் பெண்ணுக்குக் காட்ட நினைத்தாரோ என்னவோ, அதைப் போட்டார். கடைக்குள் ஒரு குரல் முழங்கியது:

“ஒரு மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்! ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் ஒரு சிறைக்கதவு இருக்கிறது! அது உங்களை உள்ளே விடும், வெளியே விடாது!”

குரல் என்னுடையது.

விளக்கிவிடுகிறேன். சில நாள்களுக்கு முன் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மருந்துக் கடைக்காரர்களின் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் ஆவடிக் கடைக்காரர்கள், வசந்தா வந்திருக்கவில்லை. அதில் இந்த மாத்திரைகளின் சட்டம் பற்றி நான் பேசினேன். குளியலறையில் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு. சட்டப் புத்தகத்தின் வரிசை பிசகாமல் தயாரித்திருந்தேன். முதல் பாதி முழுவதும் எதெல்லாம் கூடாது, என்ன தண்டனை. இரண்டாம் பாதியில் எதெல்லாம் செய்யலாம். அதாவது, இந்த மாத்திரைகளை மனநல மருத்துவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. அவசரத்துக்குப் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் நோயாளியைப் பார்த்துவிட்டு எழுதலாம். சீட்டு முறையாக இருந்தால் கடைக்காரர் பயப்படாமல் தரலாம். நல்ல பகுதி. ஆனால் முதல் பாதி முடிகிற நேரத்தில் மண்டபத்துப் பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. இரண்டாம் பாதியைக் கேட்டவை நாற்காலிகளும் மைக் செட்காரரும்தான். முகம் தெரியாமல் என் குரலை யாரோ போனில் பதிவு செய்து ஊரெல்லாம் அனுப்பியது முதல் பாதியை. அதிலும் சிறைக்கதவை மட்டும்.

“யாருக்கா இவன், கூத்துல எமன் வேஷம் கட்னவனாட்டம் கூவுறான்?” என்றார் டில்லி. என்னைப் பார்த்து, “கேட்டியா நைனா? மாத்திரைக்குள்ள கதவு கீதாம். ஜன்னல் கீதான்னு கேளு” என்றார்.

நான் டீத் தம்ளரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா போனை வைத்துவிட்டுக் கஸ்தூரியையே பார்த்தார். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். மாத்திரைப் பட்டையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வந்தார். “மூணு நாளைக்குத் தரேன். எங்க வாங்கினேன்னு யார்கிட்டயும் சொல்லாத” என்றார். கத்தரிக்கோல் பட்டையின் ஓரத்தில் போய் நின்றது.

நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். எனக்குச் சீட்டில்லாமல் ஒரு மாத்திரைகூடத் தராதவர், தர வேண்டிய இடம் என்று தன் மனசுக்குப் பட்ட இடத்தில் என் கண் முன்னாலேயே சட்டத்தை மீறப் போகிறார். வெட்டட்டும் என்று விட்டால் குற்றம் நடந்துவிடும். பிறகு நான் வழக்குப் போட வேண்டும். அவருடைய உரிமம் போகலாம். அல்லது பார்க்காததுபோல இருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் ஆய்வாளர் இல்லை. தடுத்தாலோ, ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மனிதர் உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முன்பு அவர் விழுந்தது மூன்றாம் நாளில். இன்றைக்கும் மூன்றாம் நாள்.

குற்றம் நடந்து முடியும்வரை காத்திருந்து கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திறமை என்று உங்களுக்குச் சிலர் சொல்வார்கள். திருடனிடத்தில் அது சரி. இந்த இடத்தில் கத்தரிக்கோலுக்கு முன்னால் பேசுவதுதான் வேலை என்று எனக்குத் தோன்றியது. வெட்டிய பிறகு என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இன்றுவரை நம்பகமான பதில் கிடைக்கவில்லை.

“வெட்டாதீர்கள்!” என்றேன்.

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். அவசரத்தில் மேடைக் குரல் வந்துவிட்டது.

டில்லி துள்ளி எழுந்தார். “ஐயய்யோ! அக்கா, அந்த எமன் குரலுக்கா!”

வசந்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார். “அப்போ சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போனது?”

“வீட்ல சாம்பார் வெச்சிட்டிருக்கா.”

“இருபது மாத்திரை?”

“சோதனைக்கு.”

“நல்லா சோதிச்சீங்க சார். ஒரு உசுரு போகப்போகுதேன்னு சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சேன். டீ வேற வாங்கிக் குடுத்தேன்.” இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் தள்ளினார். “இந்தாங்க. போய்ச் சாம்பார் சாப்பிடுங்க.”

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது கஸ்தூரி செய்ததுதான். சீட்டை அவசரமாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, “சார், அக்கா மேல கேஸ் போட்டுறாதீங்க. நான் அழுததாலதான் எடுத்தாங்க. எனக்கு மாத்திரையே வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். “இல்லம்மா. மாத்திரை வேணும். சீட்டு இருந்தா அவங்க தாராளமாத் தரலாம். சீட்டை அந்த டாக்டர்தான் எழுதணும்னு இல்ல. எந்த டாக்டர் வேணாலும் எழுதலாம்.” திரும்பி வசந்தாவிடம், “பக்கத்துல யாராவது டாக்டர் இருக்காரா?” என்றேன்.

“அடுத்த தெருவுல காய்ச்சல் டாக்டர் இருக்காரு. ஆனா இந்த மாத்திரைய அவரு எழுத மாட்டாரு. அது மனசு டாக்டருங்க மட்டும்தான் எழுதணும்பாரு. இல்லன்னு நீங்கதான் இப்ப சொல்றீங்க. இதை ஏன் சார் அந்தக் கூட்டத்துல சொல்லல?”

“சொன்னேன்.”

“எப்போ?”

“பிரியாணிக்கு அப்புறம்.”

வசந்தா மாத்திரைப் பட்டையை அலமாரியில் திருப்பி வைத்தார். டில்லி ஆட்டோவைக் கிளப்பினார்.

ஸ்டேஷன் பெஞ்சில் ஏழுமலை இரண்டு கையையும் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் வியர்வையால் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயன்றார். வேலை பார்க்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளரைக் கண்டால் எழுந்து நிற்கும் பழக்கம் போலிருக்கிறது. “வெளிச்சம் கண்ணைக் குத்துது சார்” என்றார். டில்லி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டார். “குந்துண்ணே. இன்னிக்கு ஹாரனே அடிக்க மாட்டேன். எவன் குறுக்க வந்தாலும் கையக் காட்டியே போறேன், பாரு.” அப்படியேதான் போனார்.

காய்ச்சல் டாக்டர் வயதானவர், எச்சரிக்கையானவர். அவருடைய அறைக்குள் முதலில் நுழைந்தது நான், அதுதான் தவறு. தாடியும் பித்தான் இல்லாத சட்டையும் கலைந்த தலையுமாக நின்றுகொண்டு, “டாக்டர், குளோனசெபாம் எழுதித் தர வேண்டும்” என்று ஆரம்பித்தேன்.

“வெளிய போப்பா” என்றார்.

“எனக்கு இல்ல டாக்டர். இவங்க வீட்டுக்காரருக்கு. நான் மருந்து ஆய்வாளர். நீங்க எழுதறதுக்குச் சட்டத்துல தடை இல்ல.”

“ஆய்வாளரா? கார்டைக் காட்டு.”

கார்டு வீட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். ஏதோ கூட்டத்தில் இருந்தார் போலிருக்கிறது, போனை அணைத்து வைத்திருந்தார். டாக்டர் மணியை அழுத்தப் போனார். “இப்படித்தான் ஒருத்தன் போலீஸ்னு சொல்லிக்கிட்டு வந்தான். இந்த மாத்திரையை எழுதினா ஜெயில்னு அந்த இன்ஸ்பெக்டர் பேசினதை நான் கேட்டிருக்கேன். நீயே இன்ஸ்பெக்டர்னு வந்து நிக்கிறியா?”

டில்லி கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். “டாக்டரே, அந்த எமன் வாய்ஸு உங்க போன்லயும் கீதா? அப்போ போடுங்க. இதே ஆளுதான். வாத்தியாரே, நீயும் பேசிக் காட்டு.”

டாக்டர் தன் போனில் இருந்த பதிவைப் போட்டார். பிறகு நான் சொன்னேன்: “ஒரு மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்.”

“இல்லையே” என்றார் டாக்டர்.

“இன்னா வாத்தியாரே, கல்யாணத்துல சாம்பார் கேக்குற மாதிரி கேக்குற? கையத் தூக்கிக் கத்து!”

வெளியே ஏழுமலை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லை. கையைத் தூக்கினேன். “ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் ஒரு சிறைக்கதவு இருக்கிறது! அது உங்களை உள்ளே விடும், வெளியே விடாது!” காத்திருந்த கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. காய்ச்சல்காரர் ஒருவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். “நீங்கதான் சார்.”

இத்தனை வருடப் பணியில் எனக்குக் கிடைத்த கைத்தட்டல் இல்லாத பெரிய வெற்றி அது. உடனே இரண்டாம் பாதியை ஆரம்பித்தேன்: “முதலாவதாக, விதிகளின்படி...”

“சுருக்கமா சொல்லு வாத்தியாரே, அந்த அண்ணனால குந்த முடியல.”

“எழுதலாம் டாக்டர்” என்றேன். “அவரைப் பார்த்துட்டு எழுதுங்க.”

“நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா?”

“இன்னைக்கு என்ன பாத்தீங்களோ, ஏன் எழுதினீங்களோ, அதை உங்க குறிப்புல போட்டு வெச்சிடுங்க. நான் வந்ததையும் போடுங்க. அதுதான் உங்களுக்குக் காப்பு.”

அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏழுமலையைப் படுக்க வைத்து நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், பழைய சீட்டைப் படித்தார், அந்தப் பழைய வலிப்பைப் பற்றி நிதானமாக விசாரித்தார். பழைய அளவிலேயே மூன்று நாளைக்கு எழுதினார். வலிப்பின் அறிகுறி தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கஸ்தூரியிடம் இரண்டு தடவை சொன்னார். பயந்த மனிதர் என்று நான் நினைத்தவர் நல்ல டாக்டராக இருந்தார். பயத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.

சீட்டோடு கடைக்குத் திரும்பினோம். வசந்தா அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரி வரியாகப் படித்தார்.

“மொத்தம் எத்தனை மாத்திரைன்னு போடல. நோயாளி முகவரி இல்ல. நான் தர மாட்டேன்.”

“வசந்தாம்மா, ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு நாளைக்கு ஆறு...”

“நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்களே சார். எப்படித் தர்றது? உள்ள விடும், வெளிய விடாது.”

மறுபடி ஓடினேன். டாக்டர் என் கையில் சீட்டைக் கொடுத்தனுப்ப மறுத்து, காத்திருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு, ரப்பர் செருப்போடு தானே நடந்து வந்தார். வசந்தாவின் மேசைமேல் வைத்து, விட்டதையெல்லாம் எழுதினார். வசந்தா எண்ணி, வெட்டி, சீல் குத்திக் கொடுத்தார். ஏழுமலை அங்கேயே ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளர் பல்லில் பட்டு டகடகவென்று சத்தம் கேட்டது. பிறகு ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைய அலுவலக நாட்குறிப்பில், “பட்டாபிராம்: சீட்டின்றிக் கேட்டபோது மறுத்தார்” என்று ஒரு வரி எழுதினேன். அது உண்மை. வெட்டாத பட்டைக்கு வழக்கு கிடையாது. அதன்பிறகு என் பேச்சின் இரண்டாம் பாதியை மட்டும் நிதானமாகப் பேசிப் பதிவு செய்து எல்லாக் கடைக்காரர்களுக்கும் அனுப்பினேன். ஒருவர்கூட அதை இன்னொருவருக்கு அனுப்பவில்லை. பயமுறுத்துவதற்குக் கால் உண்டு, தைரியம் சொல்வதற்கு இல்லை. அதை நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே கடை கடையாக, கிளினிக் கிளினிக்காக நேரில் போனேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சட்டம் எழுதப்பட்டிருக்கும் வரிசை வேறு, சொல்ல வேண்டிய வரிசை வேறு. எதைச் செய்யலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். சாப்பாடு தயாராவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

அந்த மதியத்தில் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நான் திருப்தியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது கஸ்தூரி மாத்திரைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“இது மூணு நாளைக்குத்தானே சார். அந்த டாக்டர் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்னாங்க. நாலாம் நாளு நான் யார்கிட்ட போவேன்?”

யாருமே இதை யோசித்திருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். எந்தப் பிரிவு, எந்த விதி, எந்த உட்பிரிவு என்று வரிசையாக வந்து நின்றன. அந்தப் பெண்ணுக்கு வேண்டிய பதில் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். “என்கிட்டயே கூட்டிட்டு வாம்மா. காலையில வா, கூட்டம் இருக்காது. பாத்துட்டு எழுதறேன்.” சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, என் முகத்தைப் பார்த்தார். “வரலாம் இல்ல சார்?”

கஸ்தூரியும் என்னைப் பார்த்தார். வசந்தாவும் பார்த்தார்.

“வரலாம் டாக்டர்” என்றேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.